வாடகை வீட்டில் தீ, திருட்டு, தண்ணீர்க் கசிவு... உங்கள் பொருளுக்கு யார் பொறுப்பு?

அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காய்கிறது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி ஒலிக்கிறது. அறைக்குள் போய்ப் பேசத் தொடங்குகிறீர்கள்...

பேச்சு முடிந்து திரும்பினால் சமையலறை முழுக்கப் புகை!

நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீயும் அணைந்துவிட்டது. ஆனால் சமையலறை அலமாரி கருகிப்போய்விட்டது. வரவேற்பறைச் சுவரெல்லாம் கரி. துணிமணியில் புகை நாற்றம். மேசைமேல் இருந்த மடிக்கணினி தண்ணீரில் நனைந்துவிட்டது.

வீடு உங்களுடையது இல்லை. வாடகைக்கு இருக்கிறீர்கள். இப்போது யார் காசு கொடுப்பார்?

"வீட்டுக்காரர்தான் இன்சூரன்ஸ் எடுத்திருப்பாரே... அதுல வந்துடும்ல?"

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் வராது. உங்கள் பொருளுக்குப் பணம் கிடைக்காதது ஒருபுறம். வீட்டுக்காரருக்கு ஏற்பட்ட நட்டத்தையும் நீங்களே கட்ட நேரலாம்.

மேலே சொன்னது கற்பனைதான். ஆனால் அரிதாக நடப்பதில்லை. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் கணக்குப்படி 2023இல் வீடுகளில் சுமார் 970 தீச்சம்பவங்கள் நேர்ந்தன. கவனிக்காமல் விட்ட சமையலும் மின்சாரக் கோளாறும் முக்கியக் காரணங்கள்.

பிடிஓ வீட்டுக்குக் காத்திருக்கும் இளம் தம்பதியா? வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவரா? பெற்றோர் வீட்டிலிருந்து தனியாகக் குடிபோகிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

வீட்டுக்காரரின் காப்புறுதி எதற்கு?

வீவக வீடு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது வீவக தீக் காப்புறுதி. வீவக கடன் வாங்கி, அதை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் உரிமையாளர்கள் அதைக் கட்டாயம் எடுக்கவேண்டும். 5 ஆண்டுக்குச் சேர்த்துச் சில வெள்ளிதான் கட்டணம்.

கட்டணம் குறைவு, பாதுகாப்பும் குறைவு. கழகம் கட்டிக்கொடுத்த சுவர், தரை, கதவு, பொருத்திக்கொடுத்த சாதனங்கள்... இவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவை மட்டுமே அது ஏற்கும்.

அதில் சேராதவை:

• அறைகலன்
• உரிமையாளர் பின்னர் செய்த புதுப்பிப்பு வேலை
• வீட்டுக்குள் இருக்கும் சொந்தப் பொருள்கள். உரிமையாளருடையதும் சேராது, உங்களுடையதும் சேராது.

வீட்டுக் கடன் முழுக்க அடைந்துவிட்டால் அந்தக் காப்புறுதி கட்டாயமும் இல்லை. ஆக, நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு எந்தக் காப்புறுதியுமே இல்லாமலும் இருக்கலாம். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, கொண்டோமினியம்?

அங்கு நிர்வாகக் கழகம் கட்டடத்துக்குக் காப்புறுதி எடுத்திருக்கும். அதுவும் கட்டடத்துக்குத்தான். உங்கள் அறையில் இருக்கும் தொலைக்காட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கவனமான உரிமையாளர்கள் கூடுதலாக வீட்டுக் காப்புறுதி எடுப்பதுண்டு. அதில் புதுப்பிப்பு வேலையும் அவர் போட்டுவைத்த சோபாவும் கட்டிலும் அடங்கும். ஆனால் அது அவருடைய பொருளைப் பாதுகாக்க அவர் எடுத்தது.

வாடகைதாரர் எடுக்கும் காப்புறுதியில் என்ன கிடைக்கும்?

சிங்கப்பூரில் வீட்டுக் காப்புறுதி விற்கும் நிறுவனங்கள் பல, வாடகைதாரர்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கின்றன. பெயர்கள் வேறு வேறாக இருக்கும். உள்ளே பொதுவாக 3 பகுதிகள்.

1. உங்கள் பொருள்கள்

தீ, வெடிப்பு, குழாய் வெடித்துத் தண்ணீர் புகுவது, பூட்டை உடைத்துத் திருடுவது போன்ற சம்பவங்களில் உங்கள் பொருள் சேதமானாலோ காணாமற்போனாலோ இழப்பீடு கிடைக்கும்.

2. மாற்றுத் தங்குமிடம்

வீடு குடியிருக்க முடியாத நிலைக்குப் போய்விட்டால் ஹோட்டலிலோ வேறு வீட்டிலோ தங்கும் செலவு, ஒரு வரம்புவரை.

3. சட்டப்படியான பொறுப்பு

உங்கள் கவனக்குறைவால் மற்றவருக்குக் காயமோ அவர் சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டு, அவர் உங்களிடம் இழப்பீடு கேட்டால் அதைச் சமாளிக்க உதவும்.

பலர் முதல் பகுதியை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் பெரிய தொகை ஒளிந்திருப்பது மூன்றாவதில்!

மடிக்கணினி போனால் 2,000 வெள்ளி. ஆனால் சமையலறை எரிந்துபோனால்?

மீண்டும் அந்த எண்ணெய்ச் சட்டிக்கு வருவோம்.

வீட்டுக்காரர் தம்முடைய காப்புறுதி நிறுவனத்திடம் கோருகிறார். அலமாரி, ஓடு, மின்கம்பி, சாயம் என்று 18,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது.

"அப்பாடா, தப்பிச்சோம்!" என்று நினைக்கிறீர்களா?

கதை அங்கு முடியாது. உரிமையாளருக்குப் பணம் கொடுத்த நிறுவனம், அவருடைய இடத்தில் நின்று, சேதத்துக்குக் காரணமானவரிடம் அந்தத் தொகையைக் கேட்கலாம். காப்புறுதிச் சட்டத்தில் இது வழக்கமான உரிமை. அடுப்பைக் கவனிக்காமல் விட்டவர் நீங்கள் என்றால் கடிதம் உங்கள் பெயருக்கு வரலாம்.

மேல்மாடி வீட்டில் புகை புகுந்திருந்தால் அவர்களும் கேட்கலாம். கீழ்வீட்டுக் கூரை தண்ணீரில் ஊறிப்போயிருந்தால் அவர்களும் கேட்கலாம்.

முன்பணத்தோடு போய்விடும் விவகாரம் அல்ல அது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பொதுவான சட்டப் பொறுப்புப் பாதுகாப்பில் "உங்கள் வசம் இருக்கும் பிறர் சொத்து" சேராது என்று எழுதியிருப்பதுண்டு. வாடகை வீடும் அதில் இருக்கும் வீட்டுக்காரரின் சாமான்களும் உங்கள் வசம் இருப்பவைதான். எனவே, "வீட்டு உரிமையாளரின் சொத்துக்கு நான் ஏற்படுத்தும் சேதமும் இதில் சேருமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பல ஒப்பந்தங்களில், "உரிமையாளரின் தீக் காப்புறுதி செல்லாமற்போகும்படி வாடகைதாரர் எதையும் செய்யக்கூடாது" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றால் அந்த வரிக்கும் சேர்த்துத்தான்.

எதற்கெல்லாம் பணம் கிடைக்காது?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆனால் இவற்றை அடிக்கடி பார்க்கலாம்:

• கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்த தண்ணீர். குழாய் திடீரென வெடித்தால் கிடைக்கும். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து மாதக்கணக்கில் ஊறி, அலமாரியில் பூஞ்சை பிடித்தால் கிடைப்பது கடினம். கசிவைக் கண்ட அன்றே வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

• பூட்டு உடையாத திருட்டு. கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கீழே காப்பி வாங்கப் போனீர்கள், திரும்பி வந்தால் கைப்பை இல்லை. வலுக்கட்டாயமாக நுழைந்த அடையாளம் இல்லையென்றால் பல திட்டங்கள் பணம் தருவதில்லை.

• ஆளில்லாமல் நெடுநாள் பூட்டிக்கிடந்த வீடு. தொடர்ச்சியாக எத்தனை நாள் என்பதை ஆவணத்தில் பாருங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய் இரண்டு மூன்று மாதம் தங்குபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

• பழசாகிப் பழுதானது. 6 ஆண்டு ஓடிய சலவை இயந்திரம் தானாகவே நின்றுபோனால் அது தேய்மானம்.

• வீட்டிலிருந்து செய்யும் வியாபாரத்தின் சரக்கு. இணையத்தில் விற்க வாங்கிவைத்த புடவைகளும் ஆர்டருக்குச் செய்த பலகாரமும் சொந்தப் பொருள் கணக்கில் வராமல் போகலாம்.

• வேண்டுமென்றே செய்த சேதம்.

மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். அவற்றைச் சேர்க்காத திட்டங்கள் உண்டு. தரநிலைக்கு உட்படாத சாதனத்தை வீட்டுக்குள் மின்னூட்டித் தீப்பிடித்தால் கோரிக்கையே சிக்கலாகிவிடலாம்.

நகை, பட்டுப்புடவை, ரொக்கம்

நம் வீடுகளில் விலை அதிகமான பொருள் எது? பெரும்பாலும் தொலைக்காட்சி இல்லை. அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டிதான்.

தங்க நகை போன்ற விலைமதிப்புள்ள பொருள்களுக்குத் தனி வரம்பு வைத்திருப்பார்கள். மொத்தப் பாதுகாப்பு 20,000 வெள்ளி என்று விளம்பரத்தில் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் நகைகள் அனைத்துக்கும் சேர்த்து அதில் ஒரு பகுதிதான். ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று இன்னொரு வரம்பும் இருக்கும். ரொக்கத்துக்கு மிகக் குறைவு.

ஆக, அம்மா கொடுத்த ஆரம் ஒன்றே 6,000 வெள்ளி என்றால், அடிப்படைத் திட்டம் அதை முழுமையாக ஈடுசெய்யாமல் போகலாம். விலை உயர்ந்த பொருளைத் தனியாகப் பட்டியலிட்டுக் கூடுதல் கட்டணத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். தினமும் போடாத நகையை வங்கிப் பெட்டகத்தில் வைப்பது இன்னொரு வழி.

நகைக்கடை ரசீதும் எடைச்சீட்டும் எங்கே இருக்கின்றன? நகைப்பெட்டிக்குள்ளேயா? அப்படியென்றால் நகை போகும்போது ஆதாரமும் சேர்ந்து போய்விடும். இன்றைக்கே படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

"என்கிட்ட அப்படி என்ன இருக்கு?" என்பீர்கள். ஓர் அறையில் நின்று எண்ணிப் பாருங்கள். வாடகைக்கு இருக்கும் தம்பதிக்கு ஒரு கணக்கு இதோ:

• மடிக்கணினி, கைப்பேசிகள், டேப்லெட் – 4,500 வெள்ளி
• தொலைக்காட்சி, ஒலிப்பெருக்கி – 1,500 வெள்ளி
• சொந்தமாக வாங்கிய கட்டில், மெத்தை, மேசை – 2,500 வெள்ளி
• துணிமணி, பட்டுப்புடவை, காலணி – 5,000 வெள்ளி
• மிக்சி, கிரைண்டர், பாத்திரங்கள் – 1,500 வெள்ளி
• நகை – 5,000 வெள்ளி

மொத்தம் 20,000 வெள்ளி! ஒன்றுமே இல்லை என்று நினைத்த வீட்டில்.

கட்டணத்தை மிச்சப்படுத்த 10,000 வெள்ளிக்கு மட்டும் எடுத்தால்?

சில திட்டங்களில் அதற்கு ஒரு விலை உண்டு. பொருளின் உண்மை மதிப்பில் பாதிக்குத்தான் காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள் என்றால், இழப்பிலும் பாதிதான் தருவார்கள். 6,000 வெள்ளிக்குச் சேதம் என்றால் கைக்கு வருவது 3,000 வெள்ளி. "என் தொகை 10,000, சேதம் 6,000தானே, முழுசா வரும்" என்று எண்ணியிருந்தால் ஏமாற்றம்தான். இந்த விகிதக் கணக்கு உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விவரங்களைப் பாருங்கள்.

முதலாவது 'எக்செஸ்'. ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் கையிலிருந்து ஏற்கவேண்டிய முதல் தொகை அது. எக்செஸ் 200 வெள்ளி, உடைந்த பொருள் 250 வெள்ளி என்றால் கிடைப்பது 50 வெள்ளி.

இரண்டாவது, புதுப்பொருள் விலையா, பழைய பொருள் விலையா? 4 ஆண்டுக்குமுன் 2,000 வெள்ளிக்கு வாங்கிய மடிக்கணினி இன்றைக்கு அந்த விலை போகாது. தேய்மானத்தைக் கழித்துக் கொடுக்கும் திட்டமும் உண்டு, புதிதாக வாங்கும் விலையைக் கொடுக்கும் திட்டமும் உண்டு.

அறை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால்?

ஒரே வீட்டில் நாலு பேர், ஆளுக்கொரு அறை. இங்கே இரண்டு சிக்கல்.

ஒன்று, சில திட்டங்கள் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு மட்டுமே. அறை வாடகைக்கு உண்டா என்று கேட்கவேண்டும்.

மற்றொன்று, உடன் தங்கியிருப்பவரே எடுத்துவிட்டால் அது "வெளியிலிருந்து உடைத்து நுழைந்த" திருட்டு ஆகாது. வீட்டுக்குள் இருக்க அனுமதி பெற்றவர் செய்யும் திருட்டைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. அறைக் கதவுக்குத் தனிப் பூட்டு போட உரிமையாளரிடம் அனுமதி கேட்பது நல்லது.

நண்பர் எடுத்த காப்புறுதி உங்களுக்கும் சேரும் என்று எண்ணவேண்டாம். ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும்தான் பொதுவாகப் பாதுகாப்பு. அறைத்தோழர் குடும்பத்தில் வரமாட்டார்.

வாடகை முறைப்படி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீவக வீட்டை வாடகைக்கு விட உரிமையாளர் கழகத்தின் அனுமதியைப் பெறவேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது 6 மாதத்துக்கு விடவேண்டும். தனியார் வீட்டுக்குக் குறைந்தது 3 மாதம். அதற்குக் குறைவான தங்கலை மறைத்துக் காப்புறுதி வாங்கினால் கோரிக்கை நேரத்தில் கேள்வி எழும்.

கட்டணம் எவ்வளவு ஆகும்?

பொருள்களின் மதிப்பு, வீட்டின் வகை, நீங்கள் கேட்கும் வரம்பு ஆகியவற்றைப் பொறுத்தது. வாடகைதாரர்களுக்கான அடிப்படைத் திட்டங்கள் பல ஆண்டுக்கு 100 வெள்ளிக்குள் முடிந்துவிடும். மாதத்துக்குப் பார்த்தால் ஒருவேளை வெளியில் சாப்பிடும் காசு.

வாங்குமுன் இந்த 6 கேள்விகளைக் கேளுங்கள்

1. வீட்டு உரிமையாளரின் சொத்துக்கு நான் பொறுப்பானால் எவ்வளவு வரை தருவீர்கள்?
2. நகைக்கும் ஒரு தனிப் பொருளுக்கும் உள்ள வரம்பு என்ன?
3. எக்செஸ் எவ்வளவு?
4. புதுப்பொருள் விலையா, தேய்மானம் கழித்தா?
5. வீட்டில் ஆளில்லாமல் எத்தனை நாள் இருக்கலாம்?
6. நடுவில் வீடு மாறினால் காப்புறுதியும் என்னோடு வருமா?

ஏதாவது நடந்துவிட்டால்...

முதலில் உயிர். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முடிந்தால் அடுப்பை அணைத்துச் சட்டியை மூடுங்கள். முடியாவிட்டால் வெளியேறி 995ஐ அழையுங்கள். திருட்டு என்றால் காவல்துறைக்கு 999.

பிறகு:

• எதையும் தூக்கியெறியுமுன் படமும் காணொளியும் எடுங்கள். கருகிப்போன பொருளும் ஆதாரம்தான்.
• வீட்டுக்காரருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது ஆவணத்தில் இருக்கும்.
• திருட்டுக்குக் காவல்துறைப் புகார்ப் பதிவு தேவைப்படும்.
• "தப்பு என் மேலதான், நானே கட்டிடுறேன்" என்று அண்டைவீட்டாருக்கோ உரிமையாளருக்கோ எழுதிக் கொடுக்காதீர்கள். நிறுவனத்திடம் பேசாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதைப் பல ஆவணங்கள் தடைசெய்கின்றன. நலம் விசாரியுங்கள், உதவுங்கள். தொகை பற்றிப் பிறகு பேசலாம்.

நிறுவனம் கோரிக்கையை நிராகரித்து, அது நியாயமில்லை என்று உங்களுக்குத் தோன்றினால்? முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் 'ஃபிட்ரெக்' எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தை நாடலாம். நிறுவனம் இறுதிப் பதில் தந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் செல்லவேண்டும்.

சச்சரவு வீட்டுக்காரரோடு என்றால் வழி வேறு. சேதத்தைக் காரணம் காட்டி அவர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால், 2 ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தங்களில் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வரம்பு 20,000 வெள்ளி. இருதரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வெள்ளி. அங்கே உங்களுக்குத் துணை நிற்கப்போவது குடிபுகுந்த நாளில் எடுத்த படங்கள்.

எல்லாருக்கும் தேவையா?

கட்டாயம் என்று சொல்லும் சட்டம் எதுவுமில்லை. ஒரு பெட்டி துணியும் பழைய கைப்பேசியும்தான் சொத்து, சமைப்பதும் இல்லை என்றால் பொருளுக்காக எடுக்கத் தோன்றாது.

ஆனால் நீங்கள் அடுப்பைப் பயன்படுத்துகிறீர்களா? சாமி படத்துக்கு முன் விளக்கு ஏற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புவதுண்டா? சலவை இயந்திரத்தை ஓடவிட்டு வெளியே போவதுண்டா? அப்படியென்றால் கேள்வி உங்கள் பொருளைப் பற்றியது மட்டும் அல்ல. அடுத்தவர் வீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கட்ட உங்களிடம் பணம் இருக்கிறதா என்பதுதான்.

காப்புறுதி எடுப்பதா வேண்டாமா என்பதை நிதானமாக முடிவுசெய்யலாம். அதற்குமுன் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. இன்று இரவு கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டு, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அலமாரியைத் திறந்து காட்டுங்கள், இழுப்பறையையும் திறந்து காட்டுங்கள். பிறகு வீட்டுக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி:

"வணக்கம், இந்த வீட்டுக்கு என்ன இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்க? அதுல எதெல்லாம் சேரும்?"

அவர் அனுப்பும் பதிலைப் படித்தாலே உங்களுக்கு எது தேவை என்பது தெரிந்துவிடும்.